எலெக்ட்ரிக்காக மாற்றிய காரில் பேட்டரி டெர்மினல் சுடுவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தர்மபுரியில் என் வீட்டு ஷெட்டில் வைத்து ஒரு பழைய மாருதி 800-இன் இன்ஜினை இறக்கிவிட்டு மோட்டார் ஏற்றினேன். பின் சீட்டுக்கு அடியிலும் டிக்கியிலுமாக 30 லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் சீரீஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 100 ஆம்பியர் ஹவர். மொத்தம் 96 வோல்ட். இதைப் பார்த்துவிட்டு காவேரிப்பட்டணத்து நண்பர் ஒருவர் தன் ஆம்னியை லெட் ஆசிட் பேட்டரியில் மாற்றினார். பாலக்கோட்டிலிருந்தும் பர்கூரிலிருந்தும் இன்னும் சிலர் வந்து பார்த்துவிட்டுப் போய் வேலையை ஆரம்பித்தார்கள். இவர்கள் போன் செய்தால் பாதி நேரம் ஒரே கேள்விதான்: "டெர்மினல் சுடுதுண்ணா, என்ன பண்றது?" போனிலேயே சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் கேட்டதையும் சொன்னதையும் எழுதி வைத்துவிட்டேன்.

கொஞ்சம் சூடு இருக்கத்தானே செய்யும்? எவ்வளவு வரை விடலாம்?

இருக்கும். மே மாதத்தில் ஷெட்டுக்குள்ளேயே 38 டிகிரி இருக்கும்போது டெர்மினல் 45 காட்டினால் நான் கண்டுகொள்ள மாட்டேன். நீங்கள் பார்க்க வேண்டியது வித்தியாசத்தை. 30 செல் என்றால் 60 டெர்மினல். சீரீஸில் இருப்பதால் அறுபதிலும் ஓடுவது ஒரே கரன்ட். 59 டெர்மினல்கள் 44, 45, 46 என்று இருக்க ஒன்று மட்டும் 58 காட்டுகிறது என்றால், 58 பெரிய சூடு இல்லைதான், ஆனாலும் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

நான் வைத்திருக்கும் கணக்கு இது: பக்கத்து டெர்மினலைவிட 10 டிகிரி கூடினால் அன்றைக்கே பார்ப்பேன். 70-ஐத் தொட்டால் வண்டி நகராது. சாதாரண பிவிசி கேபிளின் இன்சுலேஷனே 70 டிகிரிக்குச் செய்யப்பட்டதுதான். லித்தியம் செல்லுக்கு வரம்பு இன்னும் குறைவு, பெரும்பாலும் 55 முதல் 60 டிகிரி. டெர்மினல் உலோகம் நேராக செல்லின் வயிற்றுக்குள் போகிறது. வெளியே உண்டான சூடு அதே வழியாக உள்ளே இறங்கும்.

செல் புதிது, கேபிள் கட்டை விரல் தடிமன். அப்புறம் சூடு எங்கிருந்து வருகிறது?

நம் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தால் மூன்று டெர்மினலில் ஒன்று மட்டும் கருகிக் கிடக்கும். மோட்டார் நன்றாக இருக்கும், ஒயரும் நன்றாக இருக்கும். "லூஸ் காண்டாக்ட்" என்று எலெக்ட்ரீஷியன் நுனியை வெட்டிப் புதிதாக முறுக்கிவிட்டுப் போவார். காரிலும் அதே கதைதான், கரன்ட்தான் பல மடங்கு.

இரண்டு உலோகங்களை அழுத்தி வைத்தால் முழுப் பரப்பும் ஒட்டிக்கொள்வதாகத் தெரியும். உண்மையில் இரண்டு பக்கமும் உள்ள நுண்ணிய மேடுகள் மட்டும்தான் தொடுகின்றன. மொத்தக் கரன்ட்டும் அந்தச் சில புள்ளிகள் வழியாகத்தான் போயாக வேண்டும். அழுத்தம் குறைந்தாலோ, நடுவில் ஆக்சைடு படலமோ அழுக்கோ இருந்தாலோ புள்ளிகள் குறையும், தடை ஏறும்.

ஏறும் தடை கண்ணுக்குத் தெரியாத அளவுதான். நல்ல இணைப்பில் 0.05 மில்லி ஓம் இருக்கும். 200 ஆம்பியர் ஓடினால் அங்கே உண்டாகும் சூடு 2 வாட். தடை 0.5 மில்லி ஓம் ஆகிவிட்டால் அதே 200 ஆம்பியரில் 20 வாட். ரேடியோ ரிப்பேர் கடையில் இருக்கும் சால்டரிங் அயர்ன் 25 வாட் என்பதை நினைத்துக்கொண்டால் 20 வாட் என்ன செய்யும் என்று புரியும். கரன்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. ஊருக்குள் பால் வாங்கப் போய் வரும்போது தெரியாத கோளாறு மேட்டில் ஏறும்போது தெரிவது இதனால்தான். சூடு ஆக்சைடை வளர்க்கும், ஆக்சைடு தடையை ஏற்றும், தடை மறுபடி சூட்டை ஏற்றும். தானாகச் சரியாகிற வியாதி இல்லை இது.

கையால் தொட்டுப் பார்த்தால் போதாதா?

96 வோல்ட் டிசி மேல் கை வைக்க வேண்டாம். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி தெர்மாமீட்டர் வீட்டில் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். அது காய்ச்சல் பார்க்க மட்டும். 43 டிகிரி வாக்கில் நின்றுவிடும்.

சரி, நல்ல இன்ஃப்ராரெட் கன் வாங்கினாலும் ஒரு பொறி இருக்கிறது. பளபளப்பான செம்பையும் அலுமினியத்தையும் அது குறைத்துத்தான் காட்டும். உண்மையில் 70 டிகிரி இருக்கும் பஸ்பார் (செல்லையும் செல்லையும் இணைக்கும் உலோகப் பட்டை) 45 என்று காட்டினால் ஆச்சரியப்படாதீர்கள். ஒவ்வொரு இணைப்பின் மேலும் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் குறிவையுங்கள். என் பேட்டரி பேக்கில் எல்லா பஸ்பாரிலும் அரை அங்குல டேப் நிரந்தரமாக இருக்கிறது. பார்ப்பவர்கள் அடிபட்டதற்குக் கட்டுப் போட்டிருக்கிறேனா என்கிறார்கள்.

மேடு ஏறி நிறுத்திய உடனே பாருங்கள். வீட்டுக்கு வந்து, காபி குடித்துவிட்டு வந்து பார்த்தால் செம்பு வழியாகச் சூடு அக்கம்பக்கம் பரவி எல்லாம் ஒரே மாதிரி ஆகியிருக்கும்.

கேபிளா, இணைப்பா, செல்லா? எதில் கோளாறு என்று எப்படிப் பிரிப்பது?

சூடு எந்தப் பக்கம் தணிகிறது என்று பாருங்கள். லக் (கேபிள் முனையில் பொருத்தும் துளையுள்ள உலோகக் காது) அருகே சூடாக இருந்து, கேபிளில் தள்ளிப் போகப் போகக் குறைந்தால் கோளாறு அந்த முனையில். கேபிள் நெடுக ஒரே சீராகச் சுட்டால் கேபிள் போதவில்லை. ஒரே செல்லின் இரண்டு டெர்மினல்களும், செல்லின் பக்கவாட்டுச் சுவரும் சேர்ந்து சூடாக இருந்தால் அந்த செல் தளர்ந்துவிட்டது.

கேபிள் பற்றி ஒன்று. பலரும் வெல்டிங் கேபிள் வாங்குகிறோம். வளையும், விலையும் கட்டுப்படியாகும். ஆனால் அலுமினியக் கம்பி போட்ட வெல்டிங் கேபிளும் கடையில் இருக்கிறது. நுனியை வெட்டிக் காட்டச் சொல்லுங்கள். அலுமினியம் மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் சுமார் 60 சதவீதம்தான். 50 சதுர மில்லி செம்பு கேபிள் ஒரு மீட்டருக்கு 0.35 மில்லி ஓம் அளவில் இருக்கும்; அந்த எண் கீழே பயன்படும்.

ஸ்பேனர் எடுப்பதற்கு முன் என்னென்ன எச்சரிக்கை?

மோதிரம், வாட்ச், கழுத்துச் செயின் எல்லாவற்றையும் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். 10-ம் நம்பர் ஸ்பேனரின் வாய்ப் பகுதி தவிர மற்றதெல்லாம் இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருக்க வேண்டும். ஸ்பேனர் நழுவி இரண்டு டெர்மினலுக்குக் குறுக்கே விழுந்தால் வெல்டிங் வைத்த மாதிரி ஒட்டிக்கொள்ளும், பிடுங்கவும் முடியாது. வேலை செய்கிற இரண்டு டெர்மினல் தவிர மற்ற செல்கள் மேல் ரப்பர் ஷீட்டோ காய்ந்த அட்டையோ போட்டு மூடுங்கள்.

மெயின் பியூஸைக் கழற்றிவிட்டால் பேக் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலருக்குப் போகும் வழிதான் அடைபடும். செல்களின் மேல் 96 வோல்ட் அப்படியே இருக்கும். 60 வோல்ட்டுக்கு மேற்பட்ட டிசி-யை ஆபத்தானது என்றே கணக்கில் வைக்கிறார்கள். பேக்கின் நடுவில் கழற்றக்கூடிய ஓர் இணைப்பு வைத்து 48, 48 ஆகப் பிரித்துக்கொள்வது நல்லது. லெட் ஆசிட் என்றால் கூடுதலாக ஹைட்ரஜன்: சார்ஜ் ஏறிய உடனே மூடியைத் திறந்து பொறி பறக்கும் வேலை எதுவும் செய்யக் கூடாது. காற்றோட்டமாக அரை மணி நேரம் விடுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள்.

மல்டிமீட்டரில் ஓம்ஸ் வைத்துப் பார்த்தேன், பூஜ்யம் காட்டுகிறது, பீப் சத்தமும் வருகிறது. இணைப்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா?

அர்த்தமில்லை. நாம் தேடுவது ஒரு ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதற்கும் கீழே. மீட்டரின் ஒயர்களுக்கே அதைவிடப் பல மடங்கு தடை உண்டு. போதாததற்கு ஓம்ஸ் ரேஞ்சில் வைத்துத் தவறி ஒரு செல்லின் இரண்டு பக்கமும் தொட்டால் மீட்டர் போனாலும் போகும்.

அப்படியானால் எதை அளப்பது?

கரன்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பின் குறுக்கே விழும் மில்லிவோல்ட்டை. இந்தப் பக்கம் முழுவதிலும் ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மீட்டரை டிசி 200 மில்லிவோல்ட் ரேஞ்சில் வையுங்கள். மலிவான மீட்டரிலும் இந்த ரேஞ்ச் இருக்கும், 0.1 மில்லிவோல்ட் வரை காட்டும். ஒரு முனையை செல்லின் டெர்மினல் உலோகத்தின் மேலேயே வைக்க வேண்டும். போல்ட் தலையில் வைக்காதீர்கள். கரன்ட் போல்ட் வழியாகப் போக வேண்டியதில்லை, அது அழுத்திப் பிடிக்க மட்டும் இருக்கிறது. இன்னொரு முனையை அதே டெர்மினலின் மேல் உட்கார்ந்திருக்கும் பஸ்பாரிலோ லக்கிலோ வையுங்கள். இரண்டு முனைக்கும் இடையே ஒரே ஒரு தொடுபரப்புதான் இருக்க வேண்டும். தவறி அடுத்த செல்லுக்குத் தாவினால் 3.2 வோல்ட் வரும், மீட்டர் ரேஞ்சைத் தாண்டிவிட்டதாகக் காட்டும். பயப்பட வேண்டாம், இடம் மாற்றி வையுங்கள்.

இப்போது கரன்ட் வேண்டும். நண்பரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின் சீட்டைத் தூக்கிக்கொண்டு அளந்தவர்கள் உண்டு. நானும் ஒருமுறை செய்தேன், வேகத்தடையில் தலை கூரையில் இடித்ததுதான் மிச்சம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றவிட்டால் பாரம் இல்லாததால் மோட்டார் கொஞ்சம் கரன்ட்தான் எடுக்கும், பயனில்லை.

சுலபமான வழி சார்ஜர். வீட்டு 15 ஆம்பியர் பாயின்ட்டில் ஓடும் 96 வோல்ட் சார்ஜர் பேக்குக்குள் 20 ஆம்பியர் சீராக அனுப்பும். வண்டி நின்ற இடத்தில் நிற்கிறது, கரன்ட் ஆடாமல் நிற்கிறது, எத்தனை டெர்மினல் வேண்டுமானாலும் நிதானமாக அளக்கலாம். 20 ஆம்பியரில் 0.05 மில்லி ஓம் இணைப்பு 1 மில்லிவோல்ட் காட்டும். 0.5 மில்லி ஓம் என்றால் 10 மில்லிவோல்ட். கணக்கே போட வேண்டாம். 1, 1, 0.9, 1.2 என்று வந்துகொண்டிருக்கும் வரிசையில் ஒன்று 9 காட்டினால் அது தானாகக் கைதூக்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை: சில மலிவு சார்ஜர்களில் டிசி பக்கமும் வீட்டு மின்சாரமும் உள்ளே பிரிக்கப்படாமல் இருக்கும். அதனால் சார்ஜரை அணைத்து, மீட்டரின் கிளிப்புகளை மாட்டி, கையை எடுத்துவிட்டுப் பிறகு சுவிட்ச் போடுங்கள். ஒவ்வொரு இணைப்புக்கும் இப்படித்தான். அறுபதுக்கும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போகும்.

கேபிள் லக்கின் உள்ளே, கம்பியும் லக்கும் சேரும் இடத்தையும் தனியாக அளக்க வேண்டும். ஒரு முனை லக்கின் தட்டைப் பகுதியில். இன்னொன்றுக்கு ஓர் ஊக்கை கேபிளின் ரப்பருக்குள் குத்தி, அதில் கிளிப்பை மாட்டுங்கள். லக்கிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளிக் குத்தினால் கேபிளின் சொந்தத் தடை 0.035 மில்லி ஓம் சேர்ந்து வரும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். ஊக்கைப் பிடுங்கிய இடத்தில் டேப் சுற்ற மறக்காதீர்கள். கரன்ட் எவ்வளவு என்று பார்க்க கிளாம்ப் மீட்டர் வாங்கினால் டிசி அளக்கும் மாடலா என்று கேட்டு வாங்குங்கள். எலெக்ட்ரீஷியன்கள் இடுப்பில் செருகியிருப்பது பெரும்பாலும் ஏசி மட்டும் அளக்கும்.

டார்க் ரெஞ்ச் (வைத்த அளவு இறுக்கம் வந்ததும் கிளிக் என்று சொல்லும் ஸ்பேனர்) வைத்து இறுக்கினேன், கிளிக் என்றும் சொன்னது. ஆனாலும் சுடுகிறதே?

எனக்கும் இதுதான் நடந்தது. தொப்பூர் வரை போய்த் திரும்பி, கணவாயில் மேலே ஏறிக்கொண்டிருந்தேன். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் போகும்போது இறக்கம். லாரிகள் பிரேக் பிடிக்காமல் திணறுவது அந்தப் பக்கம். திரும்பும்போது ஏற்றம், மோட்டார் 180 ஆம்பியர் கேட்கும் இடம். பாதி மேட்டில் பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கவனிக்கும் சர்க்யூட்) கத்தியது: 17-வது செல் வோல்டேஜ் மற்றவற்றைவிட 0.08 குறைவு. மேலே வந்து நிறுத்திப் பார்த்தால் சரியாகிவிட்டது. அன்று இரவு சார்ஜ் போடும்போது அதே 17-வது செல் மற்றவற்றைவிடச் சற்று அதிகம் காட்டியது.

செல் விற்றவரிடம் போனில் சொன்னேன். "செல் வீக், மாத்திடுங்க" என்றார் யோசிக்காமல். நானும் விலை விசாரிக்க ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் உறைத்தது: செல் தளர்ந்திருந்தால் பக்கவாட்டுச் சுவரும் இரண்டு டெர்மினல்களும் சேர்ந்து சுட்டிருக்க வேண்டும், சுட்டது ஒரே ஒரு டெர்மினல்.

சார்ஜரைப் போட்டு அளந்தேன். மற்றதெல்லாம் 1 மில்லிவோல்ட், 17-வது செல்லின் பிளஸ் பக்கம் 9. தடை 0.45 மில்லி ஓம். 180 ஆம்பியரில் இது கிட்டத்தட்ட 0.08 வோல்ட், பிஎம்எஸ் காட்டிய அதே எண். பிஎம்எஸ் ஒயர் பஸ்பாரின் மேல் மாட்டியிருந்ததால் இணைப்பில் தொலைந்த வோல்டேஜை செல்லில் தொலைந்ததாக அது படித்திருக்கிறது. செல் மேல் ஒரு குற்றமும் இல்லை.

டார்க் ரெஞ்ச் வைத்தேன்: கிளிக். இறுக்கம் சரி. கழற்றிப் பார்த்தபோது பிளெய்ன் வாஷர் இல்லை, போட மறந்திருக்கிறேன். ஒன்றரை மில்லி தடிமன் வாஷர்தானே என்று தோன்றும். என் செல்லில் போல்ட் துளை 12 மில்லி ஆழம், அடி மூடிய துளை. வாஷர் இல்லாததால் போல்ட் 12-ஐயும் தாண்டி இறங்கப் பார்த்து, துளையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. ரெஞ்ச் அளந்தது அந்த முட்டலைத்தான். பஸ்பாரை அழுத்திக்கொண்டிருந்தது பாதி அமுங்கிய ஸ்பிரிங் வாஷர் மட்டும். கையால் ஆட்டினால் ஆடாது, கண்ணுக்கும் ஒன்றும் தெரியாது, ரெஞ்சும் நல்ல சான்றிதழ் தருகிறது.

ஒரு வாஷர் போட்டு மாட்டினேன். மறுபடி அளந்தால் 1 மில்லிவோல்ட்.

அதனால் போல்ட் போடுவதற்கு முன் ஒரு குச்சியை விட்டுத் துளையின் ஆழத்தை அளந்துவிடுங்கள். பஸ்பார், வாஷர்கள் எல்லாம் சேர்ந்த தடிமனைப் போல்ட் நீளத்திலிருந்து கழித்தால் வருவது அந்த ஆழத்தைவிட 1 மில்லியாவது குறைவாக இருக்க வேண்டும். மிகவும் குறைத்தும் விடாதீர்கள். இரண்டு மரையில் தொங்கினால் அலுமினிய மரை உருவிக்கொண்டு வந்துவிடும்.

வாஷரை எந்த வரிசையில் போடுவது?

டெர்மினல், அதன் மேல் நேராக பஸ்பார் அல்லது லக், அதன் மேல் பிளெய்ன் வாஷர், அப்புறம் ஸ்பிரிங் வாஷர், போல்ட் தலை. டெர்மினலுக்கும் லக்குக்கும் நடுவில் எதுவுமே கூடாது.

பர்கூர் நண்பர் துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரை லக்குக்கு அடியில் வைத்திருந்தார். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலின் தடை செம்பைப் போல 40 மடங்கு. மொத்தக் கரன்ட்டையும் அதற்குள் நுழைந்து வரச் சொல்கிறார். பிஎம்எஸ் ஒயரின் மெல்லிய வளைய லக்கை அடியில் வைப்பதும் இதே தப்பு. அது எப்போதும் மேலே வர வேண்டும், பஸ்பாருக்கும் வாஷருக்கும் நடுவே. ஹீட் ஷ்ரிங்க் (சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குழாய்) சுருங்கி லக்கின் தட்டைப் பகுதிக்கு அடியில் புகுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

லக்கை சுத்தியலால் அடித்துப் பொருத்தலாமா? சால்டர் வைத்தால் போதுமா?

சுத்தியலால் அடித்தால் லக் சப்பையாகும், உள்ளே கம்பிகளுக்கு நடுவே காற்று மிச்சமிருக்கும். ஆறு மாதத்தில் உள்ளே பச்சை பூத்துவிடும். சால்டர் மட்டும் வைத்தால் ஈயம் கேபிளுக்குள் ஏறி, லக் முடியும் இடத்தில் கேபிளைக் கம்பி மாதிரி விறைப்பாக்கும். வண்டி அதிர்வில் அந்த இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக ஒடியும்.

ஹைட்ராலிக் கிரிம்பிங்தான் சரி, அதாவது கருவியால் லக்கை நசுக்கிக் கம்பியோடு சேர்ப்பது. கருவி வாங்க வேண்டியதில்லை. ஓசூரில் பேனல் போர்டு கட்டும் பட்டறைகளில் இருக்கும். கேபிளையும் லக்கையும் நீளம் அளந்து எடுத்துப் போனால் உட்கார்ந்த இடத்தில் அழுத்தித் தருவார்கள். 50 சதுர மில்லி கேபிளுக்கு 50 லக், 50 டை (அழுத்தும் அச்சு). 35 கேபிளை 50 லக்கில் விட்டு, இடைவெளியில் ஒயர் துண்டுகளைச் செருகி நிரப்பும் வித்தை நம் ஊரில் உண்டு. யாராவது அப்படிச் செய்ய ஆரம்பித்தால் கேபிளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அப்புறம் லக்கின் வாயில் நுழையாத இழைகளை வெட்டிவிடுவது. பத்து இழையை வெட்டினால் பத்து இழையின் கரன்ட் மற்றவற்றின் தலையில்.

அலுமினிய டெர்மினலில் செம்பு பஸ்பார் வைக்கலாமா?

நேராக வைக்காதீர்கள். வெறும் செம்பும் அலுமினியமும் ஈரம் பட்டால் அலுமினியம் அரிக்கும். நிக்கலோ தகரமோ பூசிய பஸ்பார் வாங்குங்கள்.

அலுமினியத்தின் இன்னொரு குணம், சுரண்டிய நொடியே மேலே ஆக்சைடு படியத் தொடங்கும். அது மின்சாரம் கடத்தாது. அதனால் டெர்மினலை ஸ்டீல் பிரஷ்ஷாலோ பாத்திரம் தேய்க்கும் பச்சை நாராலோ பளபளப்பாகத் தேய்த்து, ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து, அலுமினிய இணைப்புக்கென்று விற்கும் பேஸ்ட்டை மெல்லிசாகத் தடவி உடனே மாட்டிவிட வேண்டும். தேய்த்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. பூச்சுள்ள பஸ்பாரையும் லக்கையும் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள்; காசு கொடுத்து வாங்கிய பூச்சு போய்விடும். துடைத்தால் போதும்.

கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் வண்டி நிறுத்துபவர்கள் இணைப்பைத் திறந்து வேலை செய்யும்போது தூசியைக் கவனியுங்கள். டெர்மினல் மேல் படிந்த கல் மாவு பஸ்பாருக்கு அடியில் சிக்கினால் எவ்வளவு இறுக்கினாலும் உலோகம் உலோகத்தைத் தொடாது.

லெட் ஆசிட் பேட்டரியில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக்கொண்டே இருக்கிறது.

ஆசிட் ஆவி டெர்மினலைத் தின்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா இரண்டு ஸ்பூன் கலந்து ஊற்றுங்கள், நுரைத்து அடங்கும். பேட்டரி மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடா உள்ளே போனால் ஆசிட்டைக் கெடுத்துவிடும். கழுவி, காயவைத்து, ஒயர் பிரஷ்ஷால் ஈயம் மின்னும்வரை தேய்த்து, கிளாம்ப்பை மாட்டி இறுக்கியபின் வெளியே வாசலின் பூசுங்கள். முதலில் பூசிவிட்டுப் பிறகு மாட்டுவது தலைகீழ். அடிக்கடி பூத்தால் தண்ணீரை அதிகம் ஊற்றுகிறீர்களா, சார்ஜ் வோல்டேஜ் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். ஃப்ளோரைடு கலந்த நம் ஊர் போர் தண்ணீர் மனிதர்களின் பல்லையே விட்டுவைத்ததில்லை.

ஈயம் மெதுவான உலோகம். இறுக்கிய இறுக்கத்துக்கு இளகிக் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதனால் மாட்டிய ஒரு வாரத்தில் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும். காவேரிப்பட்டணத்து ஆம்னியில் முதல் மாதம் முழுக்க இதே தொல்லைதான். இன்வெர்ட்டர் பேட்டரிகளை மாட்டியிருந்தார் என்பது தனிப் பிரச்சினை. நிமிடக்கணக்கில் 150 ஆம்பியர் இழுக்க அவை பிறந்தவை இல்லை. ஈயம் உருகுவது 327 டிகிரியில். ஒரு பேட்டரியின் கொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து உருகியிருந்ததைக் காட்டினார். அங்கே எத்தனை டிகிரி போயிருக்கும் என்று அளக்கத் தேவையே இருக்கவில்லை.

எவ்வளவு இறுக்க வேண்டும்?

உங்கள் செல்லின் டேட்டா ஷீட்டில் இருக்கும் அளவு. வாயால் ஒரு எண்ணைச் சொன்னால் யாராவது மரையை உருவிவிடுவார்கள். 10-ம் நம்பர் ஸ்பேனர் போடும் போல்ட்டுகளுக்கு அது சிறிய எண்ணாகத்தான் இருக்கும், வீல் நட் இறுக்கும் கைக்கு அங்கே வேலை இல்லை.

ஒரு சின்ன ஃபேன் வைத்து டெர்மினலைக் குளிர்வித்தால்?

காய்ச்சலுக்கு விசிறிவிடுவது மாதிரி. இணைப்பைச் சரிசெய்யுங்கள்.

ஒருமுறை கருகிய டெர்மினலை மறுபடி பயன்படுத்தலாமா?

லக் நிறம் மாறியிருந்தால் வெட்டி எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள், கேபிளில் கறுத்த பகுதி முழுவதையும் சேர்த்து. ஸ்பிரிங் வாஷரையும் மாற்றுங்கள். சூடு பட்டால் அதன் விறைப்பு போய்விடும், பார்க்க அப்படியே இருக்கும். செல்லின் டெர்மினலைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருந்தாலோ, நெயில் பாலிஷ் மாதிரி இனிப்பான வாடை வந்தாலோ சீல் விட்டுவிட்டது. அந்த செல்லைப் பேக்கில் வைக்காதீர்கள். ஓட்டும்போது புகையோ கருகல் வாடையோ வந்தால் ஓரம் கட்டி, மெயின் சுவிட்சை அணைத்து, எல்லோரையும் இறக்கித் தள்ளி நிற்கவைத்து 101-க்கு போன் செய்யுங்கள். மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை அப்போது வேண்டாம்.

ஆர்.சி., இன்சூரன்ஸ்?

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி வண்டியில் இப்படி மாற்றம் செய்தால் ஆர்.டி.ஓ. பதிவில் ஏற வேண்டும். எலெக்ட்ரிக் மாற்றத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட கிட் கேட்பார்கள். அதற்கான தரக்குறியீடு ஏஐஎஸ் 123. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லுங்கள். நான் அலைந்த கதை தனி, அதற்கு இன்னொரு பக்கம் வேண்டும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

மாட்டிய முதல் வாரம், முதல் மாதம், அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. பென்னாகரம் ரோடு மாதிரி குலுக்கும் ரோட்டில் அடிக்கடி போகிறவர்கள் இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். இறுக்கிய பிறகு போல்ட் தலையிலிருந்து பஸ்பார் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது என்று டார்ச் அடித்தாலே தெரியும். கோடு உடையவில்லை என்பதை வைத்து இணைப்பு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது, என் 17-வது செல்லில் கோடு கடைசிவரை நேராகத்தான் இருந்தது. அதனால் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டில் ஒன்று முதல் அறுபது வரை எண் போட்டு, ஒவ்வொரு முறையும் சார்ஜர் கரன்ட்டையும் மில்லிவோல்ட்டையும் எழுதுங்கள். 1 என்று இருந்தது மூன்று மாதத்தில் 2 ஆகியிருந்தால் அதற்கு இன்னும் சூடு வந்திருக்காது, தொட்டாலும் தெரியாது. அந்த போல்ட்டை அந்த வாரமே கழற்றிப் பார்த்துவிடுங்கள்.